ராயகிரியில் நான் சாப்பிடாமல் வந்த சாப்பாடு

ராசா, நீ என் போனை எடுக்காமல் இருப்பது எனக்குப் புரிகிறது. புரிகிறதே தவிர பொறுக்க முடியவில்லை. அப்பா கூப்பிட்டால் எடுக்கிறாய். நான் பக்கத்தில் நிற்பது தெரிந்ததும் "மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். "உனக்குப் பிடிக்கலன்னா என்கிட்ட நேரா சொல்லிருக்கலாம்லாம்மா, அவங்க வீட்டுல போயா அப்படி அவமானப்படுத்துவ?" என்று நீ கேட்டாய். இப்போதும் முழுப் பதில் என்னிடம் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததையும் சேர்த்தே சொல்கிறேன். முதலில் ஒன்று: உன்னோடு ஓசூரில் வேலை பார்க்கும் பவித்ராவை எனக்குப் பிடித்திருக்கிறது. காபித் தட்டை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நிற்காமல், "அத்தை, அங்கன காத்து வராது, இப்படித் தள்ளி உக்காருங்க" என்று சொன்ன பெண்ணை எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்? அந்த வீட்டில் நான் கை நனைக்காமல் வந்ததற்குக் காரணம் அவள் இல்லை, என் வயிறு. இந்தக் கடிதத்தை உன் அறைக்காரப் பையன்கள் படித்தாலும் படிக்கட்டும். வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் காரியம் இந்த அளவுக்கு வந்திருக்கிறது.

நீ ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு ஆரம்பித்தது இது. சாப்பிட்டு எழுந்ததும் அடிவயிற்றில் முறுக்கும். வயிறு உப்பிக்கொண்டு, சேலைக் கொசுவத்தைத் தளர்த்திவிட்டால்தான் மூச்சு விட முடியும். ஒரு நாள் முழுக்கக் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பேன், அடுத்த ரெண்டு நாள் வெளிக்கே போகாது. கூடவே தலைவலி, அசதி, தூக்கம் கெட்டுப் போவது. நீ போனில் "என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் "வெயிலு மக்கா" என்பேன். மழைக் காலத்திலும் வெயில் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் நம்பியிருக்கிறாய். திருநெல்வேலிக்குப் போய் ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, குடலுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தது. உன் அப்பாவுக்குச் சந்தோஷம், எனக்கு அழுகை. நார்மலாக இருக்கிற வயிறு ஏன் இப்படி வலிக்க வேண்டும்? டாக்டர் சொன்னார்: "குடல்ல புண்ணு இல்லம்மா, கட்டி இல்ல. ஆனா குடல் சட்டுனு கோவப்படுது. சாப்பாட்டுக்கும் கோவப்படும், மனசுல கவலை இருந்தாலும் கோவப்படும். உங்களுக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு நீங்களேதான் பாத்துப் பாத்துக் கண்டுபிடிக்கணும்." வலிக்கிறவளிடமே கண்டுபிடிக்கச் சொல்கிறாரே என்று அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. நானும் என் குடலும் ஒரே ஜாதி என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதன் பிறகு நான் சாப்பிட்டதையும் சாப்பிடாததையும் சொன்னால் நீ சிரிப்பாய். முதலில் மிளகாயை நிறுத்தினேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. தயிர்ச்சோறு குளிர்ச்சி என்றார்கள் என்று மூன்று வேளையும் அதையே தின்றேன், இன்னும் உப்பியது. நார்ச்சத்து வேண்டும் என்று டிவியில் ஒருத்தர் சொன்னார். சப்பாத்தி, கொள்ளு, கீரை என்று அடுக்கினேன். அந்த வாரம் நான் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை. எதிர்வீட்டு மதினி பிரண்டைத் துவையல் கொண்டுவந்தாள். உன் சித்தி கோயில் புற்றுமண்ணை எடுத்துவந்து வயிற்றில் பூசிவிட்டாள். பூசியதும் அரை மணி நேரம் சுகமாக இருந்தது. அம்மன் கிருபையா, ஈரமண்ணின் குளிர்ச்சியா, அவள் கை பட்டதாலா, எனக்குத் தெரியாது. வாயுவுக்கு நல்லது என்று எல்லாவற்றிலும் பெருங்காயத்தை அள்ளிப் போட்டேன். பிறகுதான், கடையில் வாங்கும் கட்டியில் வயிற்றை உப்பவைக்கிற மைதாவும் சேர்த்திருப்பார்கள் என்று தெரிந்தது. நான் எது மருந்து என்று தேடிப் போகிறேனோ அதற்குள்ளேயே நோய் உட்கார்ந்திருந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

கடைசியில் அந்த டாக்டரிடமே உட்காரும் டயட்டீஷியன் பெண் ஒரு வழி சொன்னாள். உன் வயதுதான் இருக்கும் அவளுக்கு. வெங்காயம், பூண்டு, பருப்பு வகை, மொச்சை, பால், கோதுமை, மாம்பழம் எல்லாவற்றையும் கொஞ்ச வாரத்துக்கு நிறுத்த வேண்டும்; வயிறு அமைதியான பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும்; எது கெடுதல் செய்கிறதோ அதை மட்டும் தள்ள வேண்டும். "காலத்துக்கும் எல்லாத்தையும் விடக் கூடாதும்மா, அப்படி விட்டா உடம்பு தேறாது" என்றும் சொன்னாள். சொல்ல லேசாகச் சொல்லிவிட்டாள். சின்ன வெங்காயம் இல்லாமல் நம் ஊரில் எந்தக் குழம்பு கொதிக்கும்? உன் அப்பா ஒரு வாய் எடுத்துவிட்டு, "ஏட்டி, இது சாம்பாரா, இல்ல பாத்திரம் களுவுன தண்ணியா?" என்றார். இரண்டு அடுப்பு, இரண்டு சமையல் என்று நடத்தினேன். சோறு, கத்திரிக்காய், புடலங்காய், கேரட், முட்டை, மீன், மிளகும் மல்லியும் போட்ட ரசம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், வயிறு அடங்கியது. நன்றாகத் தூங்கினேன். தலைவலி குறைந்தது. அடுத்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும் அல்லவா, அங்கேதான் சொதப்பினேன். பாலைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய நாளில், யாரோ கொண்டுவந்த வளைகாப்புச் சோற்றில் பூண்டும் பருப்பும் சேர்ந்து போயின. மறுநாள் முறுக்கியது. பாலா, பூண்டா, பருப்பா? மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் ஒத்துக்கொண்ட ரசம் இன்னொரு நாள் ஒத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு நீ போனில் ஏதாவது கத்தியிருப்பாயா, உன் அப்பா கத்தியிருப்பாரா என்று அதையும் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டைத் தள்ளி வைக்கலாம் ராசா, புருஷனையும் பிள்ளையையும் எந்த வாரத்தில் நிறுத்தி எந்த வாரத்தில் சேர்ப்பது?

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான், நீ வர முடியாததால் நாங்கள் மட்டும் ராயகிரிக்குப் பெண் பார்க்கப் போனோம். உனக்கு இந்த முறையெல்லாம் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. பெண் வீட்டில் பேசிப் பார்த்து, மனசு ஒத்து வந்தால் மாப்பிள்ளை வீட்டார் அங்கே கை நனைப்பார்கள். ஒத்து வரவில்லை என்றால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எழுந்துவிடுவார்கள். வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. அன்றைக்கு எல்லாம் நன்றாகவே போனது. பவித்ராவின் அப்பா எழுந்து, "அப்பொறம் என்ன அண்ணாச்சி, கை நனைச்சிருவோம்" என்றார், உன் அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இலை போட்டார்கள். சின்ன வெங்காய சாம்பார், பூண்டு ரசம், மொச்சை போட்ட கூட்டு, பால் பாயசம். டயட்டீஷியன் பெண் எதையெல்லாம் தொடாதே என்றாளோ அதையெல்லாம் தேடித் தேடிச் சமைத்த மாதிரி இருந்தது. எனக்கோ காரில் வரும்போதே லேசாக முறுக்கத் தொடங்கிவிட்டது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு தரம் பின்பக்கம் போய்வந்திருந்தேன். இனி இந்த இலையில் உட்கார்ந்தால் திரும்பும் வழியில் காரை எங்கே நிறுத்தச் சொல்வேன், வெட்டவெளிக் கரிசல் காட்டிலா?

"நான் கோமதியம்மனுக்கு நேந்திருக்கேன், இன்னைக்கு விரதம்" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். அதோடு விட்டிருந்தால்கூட நாலு பேர் நம்பியிருப்பார்கள். உன் சித்தி இருக்கிறாளே, வெள்ளை மனசுக்காரி, "அக்காவுக்கு விரதமா? காலையில எங்கூடத்தான ரெண்டு இட்லி சாப்பிட்டாவ?" என்றாள். பவித்ராவின் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். உன் அப்பா சாப்பிட்டார், சித்தப்பா சாப்பிட்டார், ஆனால் மாப்பிள்ளையைப் பெற்றவள் கை நனைக்கவில்லை என்றால் மற்றவர்கள் எத்தனை இலை சாப்பிட்டும் கணக்கில் வராது. காபியைக்கூட நான் தொடவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்களாம். பின்பக்கம் போனதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள்: நான் கொல்லை, கிணறு, பாத்ரூம் எல்லாவற்றையும் வேவு பார்த்துவிட்டு, வசதி போதாது என்று முகத்தைச் சுளித்தேனாம். வலியில் சுளித்த முகம் அது. இரண்டாம் நாள் அவள் அப்பா போன் போட்டு, "சம்பந்தியம்மாளுக்கு மனசில்லன்னா விட்டிருவோம் அண்ணாச்சி, வருத்தமில்ல" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம்தான் நீ என்னைக் கேட்டாய்.

நீ நினைக்கலாம், உண்மையை அங்கேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று. பெண் கேட்டுப் போன வீட்டில், ஆண்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, என் வயிற்றாலே போகிற கதையையா பேச முடியும்? சுகர் என்றால் சொல்லலாம், பிரஷர் என்றால் பெருமையாகக்கூடச் சொல்கிறார்கள். இந்த நோய்க்கு மட்டும் சபையில் நாற்காலி கிடையாது. அந்த நேரத்தில் எனக்கு என் மானம் பெரிதாகப் பட்டது. உன் கல்யாணம் அதில் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நான் தனியாக ராயகிரிக்குப் போனேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தேன். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பயம். வாசலில் என்னைப் பார்த்ததும் பவித்ராவின் அம்மா "வாங்க" என்றாள், உட்காரச் சொல்லவில்லை. நானாகவே உட்கார்ந்தேன். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன். முறுக்கு, உப்புசம், குழாய் விட்டது, புற்றுமண், மைதா கலந்த பெருங்காயம், அன்றைக்குப் பின்பக்கம் எதற்குப் போனேன் என்பது வரை. சொல்லும்போது முகம் எரிந்தது. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அன்னைக்கே எங்காதுல ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா மதினி?" என்றாள். "எப்படிச் சொல்ல மதினி? நீங்களா இருந்தா சொல்லுவியளா?" என்றேன். "நானும் சொல்லமாட்டேன்தான்" என்றாள்.

"சரி, இப்ப என்னதான் சாப்பிடுவிய?" என்று கேட்டாள். சோறும், பூண்டு போடாத ரசமும், ஒரு கத்திரிக்காய்ப் பொரியலும் போதும் என்றேன். "பூண்டு இல்லாம ரசமா? அதுக்கு வெந்நி ஊத்தித் தாரேன். சம்பந்தி வீட்டுக்காரிக்கு வெறுஞ்சோறு போட்டவன்னு ஊரு என்னயல்லா பேசும்!" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அடுப்பைப் பற்றவைத்தாள். இலை போட்டாள். நான் கையைக் கழுவி, தண்ணீர் தெளித்து, பிசைந்து வாயில் வைத்தேன். அவள் எதிரில் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கை நனைத்தாகிவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அப்போதுதான் அவள் சொன்னாள்.

"மதினி, நீங்க சொன்னத நம்புதேன். ஆனா மாப்பிள்ளைக்கு என்ன? எம்மவ அங்கன ரூம்ல சமைச்சு அவருக்கும் சேத்து ஒரு டப்பா கொண்டுபோவாளாம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, எப்பவுமே பசிக்கலம்பாராம். எல்லாரும் ஓட்டலுக்குப் போனாலும் இவரு மட்டும் சும்மா உக்காந்திருப்பாராம். மொதல்ல அவ வெளையாட்டாத்தான் நெனச்சா. நீங்களும் இங்கன கை நனைக்காமப் போன பொறவு, 'அம்மா, அவுக வீட்டுல யாருக்குமே நம்ம கையால சோறு ஆகாது போலுக்கே'ன்னு அழுதா. இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொன்னது நாங்க இல்ல மதினி, அவதான்."

பாதியில் எழுந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் வரும் என்று மிச்சத்தையும் விழுங்கினேன். நீ ஒன்றும் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. அடுத்த வீட்டுக் கஞ்சியைக்கூட ருசித்துக் குடித்த பிள்ளை. அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பரீட்சை நாளில் காலையில் நீ பாத்ரூமைவிட்டு வர மாட்டாய், பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் கேலி செய்வோம். காலேஜில் மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மெலிந்து வந்தாய். போன பொங்கலுக்கு வந்தவன், பஸ் ஏறும் நாளில் பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. "பஸ்ல தூங்கணும்மா, வயிறு காலியா இருந்தாத்தான் நல்லது" என்றாய். நான் "வெயிலு" என்று உன்னிடம் சொன்ன மாதிரியே நீயும் என்னிடம் சொல்லியிருக்கிறாய். அப்படித்தானா ராசா? இல்லை, எல்லோரையும் என் வயிற்றை வைத்தே அளக்கிறேனா? எனக்குத் தெரியவில்லை. எனக்கு இருப்பது பிள்ளைக்கும் வருமா என்று டாக்டரிடம் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். சில வீடுகளில் வருவதுண்டு, சில வீடுகளில் வராது என்றார். அதற்கு அவர் பதில் சொல்லாமலேயே இருந்திருக்கலாம்.

பவித்ராவின் அம்மா பதிலுக்குக் காத்திருந்தாள். என்ன சொல்வேன்? அவனுக்கும் வயிறு சரியில்லை என்று சொன்னால், நோயாளிப் பையனைக் கட்டிவைக்கப் பார்க்கிறோம் என்று ஆகும். இல்லை என்றால், அந்தப் பெண்ணின் சோற்றை நீ மதிக்கவில்லை என்று ஆகும். எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்ல முடியும்? "எனக்குத் தெரியல மதினி. அவங்கிட்ட கேக்கேன்" என்றேன். அவள் இலையை எடுத்துக்கொண்டே, "நீங்க கேட்டு எங்கிட்டச் சொல்லுதது வேண்டாம். அவரு எம்மவகிட்டச் சொல்லட்டும். ஞாயித்துக்கிழம அவ ஊருக்கு வாரா. அதுக்கு மேல கேட்டு வாற வேற மாப்பிள்ள வீட்ட நாங்க நிறுத்தி வச்சிக்கிட முடியாது" என்றாள். அவள் பேச்சில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இதையும் கேள். பூண்டு இல்லை, வெங்காயம் இல்லை, பால் இல்லை, அவ்வளவு பத்தியமான சாப்பாடு. கரிவலத்தில் இறங்குவதற்குள் வயிறு அப்படி முறுக்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "தாயே, அவசரம்" என்று கேட்டு உள்ளே போனேன். அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்காமல் வழியைக் காட்டினாள். வந்த பிறகு மோர் வேண்டுமா என்றாள், வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஒரே நாளில் இரண்டு பேரிடம் சொல்லியாகிவிட்டது. மறுநாள் உன் அப்பாவிடமும் சொன்னேன். வலி தெரியும் அவருக்கு, ஆனால் எத்தனை கல்யாண வீட்டில் சாப்பிடாமல் சாப்பிட்டதாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்பது தெரியாது. "எங்கிட்ட என்னட்டி வெக்கம்?" என்று மட்டும் கேட்டார். இப்போதெல்லாம் அவருக்கும் அந்தக் கழுவின தண்ணியையே ஊற்றச் சொல்கிறார். நான்தான் வேண்டாம், உங்களுக்கு வெங்காயம் போட்டே வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

என்ன சாப்பிட வேண்டும் என்று உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நான் செய்த மாதிரி டிவிக்காரன் பேச்சையும் எதிர்வீட்டுக்காரி பேச்சையும் கேட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யாதே. அங்கேயே ஒரு நல்ல டாக்டரிடம் போ, வேறு நோய் ஏதும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொள். கொஞ்சமாகச் சாப்பிடு, நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை நிறுத்தினால் ஒன்றை மட்டும் நிறுத்து, சேர்த்தால் ஒன்றை மட்டும் சேர். பட்டினி கிடக்காதே. நல்ல பிள்ளையாக நடிப்பதற்காக அவள் டப்பாவை இனிமேல் முழுசாகத் தின்றுவிட்டு ராத்திரி சுருண்டு படுக்கவும் செய்யாதே. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஒருவேளை உனக்கு ஒரு நோயும் இல்லாமல் இருக்கலாம், உண்மையிலேயே பசிக்காமல் இருந்திருக்கலாம். அப்படியென்றால் அதையும் அவளிடமே சொல். ஆனால் உனக்கும் இது இருந்தால், கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கும் உரிமை உண்டு. உண்மையைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். அவள் விடிகாலையில் எழுந்து சமைத்துக் கொண்டுவந்த சோற்றை நீ திறக்காமலே திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு நாளும், அந்தப் பிள்ளை தன் கையில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு அதைத் தனியாக உட்கார்ந்து தின்றிருக்கிறாள். அவள் அம்மா இதைச் சொன்னபோது எனக்கு உன் மேல் கோபம் வந்தது. உன் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்தைவிட அதுதான் எனக்குப் பெரிதாக வலித்தது.

இதைப் படித்து முடித்ததும் நீ எனக்குப் போன் போடுவாய் என்று எனக்குத் தெரியும். போடாதே. முதலில் அவளுக்குப் போடு.